ஆதாரத்தின் மேல் யாரும் உட்காரக் கூடாது

வடமாநில இந்தியர் மின்நாணய எழுச்சிக் கழகம் பிறந்த அன்று மலேசியாவின் வடக்கே சுங்கைப் பட்டாணியில் நல்ல மழை. மண்டபத்து வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். அப்படியும் கூட்டம் தாங்கவில்லை, ஏனென்றால் எழுச்சிக் காசு இலவசம். செயலியைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டால் நூறு காசு கணக்கில் விழும். இன்னோர் ஆளைச் சேர்த்துவிட்டால் இன்னும் ஐம்பது. இதை வைத்து என்ன வாங்கலாம் என்று கேட்டவர்களுக்கு, அவசரப்படுவதுதான் நம் இனத்தைப் பிடித்த நோய் என்று மேடையிலிருந்து பதில் வந்தது.

குத்துவிளக்கு ஏற்ற எட்டுப் பிரமுகர்களை அழைத்திருந்தார்கள். விளக்குக்கு ஐந்து முகம்தான். மிச்சமிருந்தவர்களின் மனம் நோகக் கூடாது என்று, எரிந்துகொண்டிருந்த திரிகளை அணைத்து மறுபடி ஏற்ற வைத்தார்கள். பிறகு பொன்னாடை. தலைவருக்குச் செயலாளர் போர்த்தினார், செயலாளருக்குப் பொருளாளர் போர்த்தினார், பொருளாளருக்குத் தலைவர் தமக்கு வந்ததையே எடுத்துப் போர்த்தினார். இதற்குள் மதியம் ஆகிவிட்டது.

டத்தோ பட்டம் வாங்கிய தலைவர் புவனேஸ்வரன் ஒலிவாங்கியைப் பிடித்தார். "வெள்ளைக்காரன் நம்மை ரப்பர் மரத்துக்கு முன்னால் நிறுத்தினான். நான் உங்களைத் திரைக்கு முன்னால் நிறுத்துகிறேன்! அவன் உங்களிடம் பால் எடுத்தான். நான் உங்களிடம் எதையும் எடுக்கவில்லை, உங்கள் பெயர், முகம், தொலைபேசியில் இருக்கும் எண்கள், அவ்வளவுதான்!" என்று முழங்கினார். கைதட்டல் கூரையைத் தூக்கியது.

பாலிங் டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நாகூர் மீரான் மட்டும் கையைத் தூக்கினார். வியாபாரி. அவருக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் பழக்கம்.

"டத்தோ, தங்கத்த வச்சிக்கிட்டு நோட்டு அடிச்சாங்கன்னு சொல்வாங்க. உங்க காசுக்கு நீங்க என்னா வச்சிருக்கீங்க?"

டத்தோ தண்ணீர் குடித்தார். மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். ஒலிபெருக்கி வாடகை. கம்பளம் வாடகை. மேடையில் இருந்த பூச்செடிகூட வாடகை. வாடகை இல்லாத பொருள் அங்கே ஒன்றே ஒன்று இருந்தது. ஜனங்கள் உட்கார்ந்திருந்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலிகள். அவை பாலிங் சாலையில் இருக்கும் ஒன்பதாங்கட்டைத் தோட்டத்து மரண சகாயச் சங்கத்தின் சொத்து. கேட்டார்கள் என்று இரவல் கொடுத்திருந்தார்கள்.

"நம் சமுதாயம் வியர்வை சிந்திச் சேர்த்த இந்த நாற்காலிகளே நம் நாணயத்தின் ஆதாரம்!" என்றார் டத்தோ.

உட்கார்ந்திருந்தவர்கள் குனிந்து தங்களுக்குக் கீழே பார்த்துக்கொண்டார்கள். பிறகு கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலைச் செயலாளர் ஏகமனதான தீர்மானம் என்று பதிவு செய்துகொண்டார். பின்வாசலில் நின்ற இருளப்பனும் தட்டினார். எல்லாரும் தட்டும்போது ஒருவர் மட்டும் சும்மா நிற்பது மரியாதை இல்லை என்று நினைக்கிற ஆள் அவர்.

இருளப்பன் லாரி ஓட்டுநர். அந்த நாற்காலிகளை மண்டபத்துக்குக் கொண்டுவந்து போட்டவர் அவர்தான். ஒன்பதாங்கட்டையில் யாராவது கண்ணை மூடினால், செய்தி காதில் விழுந்ததும் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு சங்கத்து ஸ்டோரைத் திறப்பார். பெரியாஸ்பத்திரியிலிருந்து உடல் வந்து சேர்வதற்குள் வாசலில் கூடாரம் நிற்கும், நாற்காலி வரிசையாக இருக்கும், அண்டாவில் தேத்தண்ணி கலந்து சூடாக இருக்கும். அழுகிறவர்கள் அழலாம், உட்காருகிறவர்கள் உட்காரலாம். இதற்கு யாரும் அவருக்குப் பொன்னாடை போர்த்தியதில்லை. போர்த்த வந்தால் லாரிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வார்.

எழுச்சிக் காசோ டிங்கிக் காய்ச்சலைவிட வேகமாகப் பரவியது. ஜித்ராவில் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்பே மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரைச் சேர்த்துவிட்டார்கள். அர்ச்சனைச் சீட்டு வாங்க நின்ற வரிசையில் சேர்ந்தார்கள். மாமியாருடன் பேசாத மருமகள்கள்கூட ஐம்பது காசுக்காகப் பேசினார்கள். இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு பேர் வருவார்கள் என்று கழகம் எதிர்பார்க்கவில்லை. ஆகவே வளர்ச்சி மேலாண்மைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. அந்தக் குழு வேகமாக வளர்ந்ததால் அதை மேலாண்மை செய்ய ஓர் உபகுழு அமைந்தது.

உபகுழு கணக்குப் போட்டதில் ஒரு விஷயம் தெரிந்தது. உறுப்பினர்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள், நாற்காலிகள் பெருகவில்லை. ஒவ்வொரு நாற்காலியும் ஐம்பது பேரின் நம்பிக்கையைத் தாங்கிக்கொண்டிருந்தது. இந்த நிலையில் ஒரு நாற்காலியின் கால் உடைந்தால் வடமாநிலப் பொருளாதாரம் என்ன ஆகும்? குழு நடுங்கியது. அன்றே தீர்மானம் போட்டார்கள்: ஆதாரத்தின் மேல் யாரும் உட்காரக் கூடாது.

நாற்காலிகள் திரும்பிப் போயிருந்த ஒன்பதாங்கட்டை ஸ்டோருக்குக் கழகத்தின் புதுப் பூட்டு வந்தது. ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் ஒரு வில்லை ஒட்டினார்கள். நாற்காலி வாசலைத் தாண்டினால் அலுவலகத்தில் மணி அடிக்கும். இருளப்பனிடமிருந்து பழைய சாவியை வாங்குவதற்கு ஒரு விழா எடுத்தார்கள். இந்தமுறை அவரால் லாரிக்குப் பின்னால் போக முடியவில்லை, லாரியின் மேல் பதாகை கட்டியிருந்தார்கள்.

"சாவி போச்சு, துண்டு வந்துச்சு" என்று வீட்டுக்கு வந்து மனைவி தேவகியிடம் சொன்னார். பொன்னாடையை மடித்து அலமாரிக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஜித்ராவிலிருந்தும் அலோர்ஸ்டாரிலிருந்தும் பேருந்து வரத் தொடங்கியது. புது உறுப்பினர்கள் ஸ்டோரின் கம்பிச் சன்னல் வழியாக நாற்காலிகளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இதற்கு ஆதார தரிசனம் என்று பெயர். இரண்டாம் வாரமே யாரோ சன்னலில் மாலை போட்டார்கள். மூன்றாம் வாரம் கற்பூரம் கொளுத்தினார்கள். பிளாஸ்டிக் உருகிவிடும் என்று பயந்த கழகம் கற்பூரத்துக்குத் தடை விதித்து, பூவுக்கு அனுமதி கொடுத்தது.

கழகத்தின் நல்ல நேரம், அந்த வாரங்களில் தோட்டத்தில் யாரும் சாகவில்லை. அதற்குப் பிறகு செத்த முதல் ஆள் இருளப்பன். காலையில் லாரிக்குக் காற்று அடித்துவிட்டு, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று சொல்லி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அவருடைய தங்கை நவமணிக்குப் பாக்கார் ஆராங்கில் வீடு, கையுறைத் தொழிற்சாலையில் வேலை. தேவகி தொலைபேசியில் அழுது முடித்துவிட்டுச் சொன்னாள்: "நாளைக்கு மத்தியானம் எடுக்கிறோம். நீ வர்றப்ப அந்த ஆபீசுல போயி சாவி வாங்கிட்டு வந்துரு. வந்தவங்க எல்லாம் நிக்கிறாங்க நவமணி. பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு." நவமணி சீருடையைக்கூட மாற்றவில்லை. நேராகக் கழக அலுவலகத்துக்குப் போனாள்.

உள்ளே குளிர்சாதனம் பலமாக ஓடியது. முன்மேசையில் சாந்தினி என்ற பெண். அவள் சட்டையில் ‘வளர்ச்சி வரவேற்பு அதிகாரி’ என்று எழுதியிருந்தது.

"வணக்கம்கா, வாழ்த்துகள்! எழுச்சிக் குடும்பத்துக்கு வாங்க!"

"எங்கண்ணன் தவறிட்டாரும்மா. ஸ்டோரு சாவி வேணும்."

"ஓகே கா." சாந்தினி திரையைத் தட்டினாள். "நாற்காலிக்கு விண்ணப்பம். நிகழ்ச்சி என்னான்னு சொல்லுங்க. கல்யாணம், சடங்கு, பொறந்தநாளு, புதுவீடு, பட்டமளிப்பு."

"சாவு."

"சாவு இல்லக்கா."

"மரண சகாயச் சங்கத்து நாற்காலிம்மா அது. அதுல சாவு இல்லையா?"

"முன்ன இருந்துச்சு. வளர்ச்சி மேலாண்மைக் குழு எடுத்துட்டாங்க லா. ஆளு குறையிற மாதிரி எதுவுமே சிஸ்டத்துல இருக்கக் கூடாதாம். ஏறலாம், இறங்கக் கூடாது. அப்புறம் சூசா ஆயிரும், கஷ்டம்." அவள் திரையை நவமணியின் பக்கம் திருப்பினாள். "இங்க பாருங்க, உங்கண்ணன் கணக்கு நல்லாத்தான் இருக்கு. இன்னைக்குக் காலையிலகூட அஞ்சு காசு விழுந்திருக்கு."

திரையில் இருளப்பன் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பச்சைப் புள்ளி. ‘துடிப்பான உறுப்பினர்’ என்று போட்டிருந்தது. காலையிலிருந்து அடக்கிவைத்திருந்த அழுகை நவமணிக்கு அங்கேதான் வந்தது. சாந்தினிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அழுகைக்கு அவளுக்குப் பயிற்சி கொடுத்திருக்கவில்லை. எழுந்துபோய்த் தலைவரின் அறைக் கதவைத் தட்டினாள்.

டத்தோ புவனேஸ்வரன் நவமணியை உட்கார வைத்தார். அவருக்குப் பின்னால் ஒரு வரைபடம், கோடு மேல்நோக்கிப் போய்ச் சுவர் முடிந்ததால் கூரையில் தொடர்ந்திருந்தது. அவர் உட்கார்ந்திருந்தது மெத்தை வைத்த உயரமான நாற்காலி, கைப்பிடியில் சிங்க முகம்.

"இருளப்பன் நம் கழகத்தின் தூண்" என்றார் டத்தோ. "தூண் சாய்ந்தால் கட்டடம் ஆடும். அதனால் அவர் சாய்ந்ததாக நாம் அறிவிக்க வேண்டாம்."

"அறிவிக்கவெல்லாம் வேணாம் டத்தோ. நாற்காலி குடுங்க, போதும். வயசானவங்கல்லாம் வெயில்ல நிக்கிறாங்க."

டத்தோ கண்ணை மூடித் திறந்தார். "அம்மா, நாற்காலி உட்காருவதற்கு என்று நினைப்பது தோட்டத்து மனப்பான்மை. அதிலிருந்து நாம் வெளியே வர வேண்டும். ஒரு நாற்காலி இன்று ஐம்பது பேரைத் தாங்குகிறது."

"ஒரே நேரத்துலயா?"

"கொள்கையளவில். அதில் உங்கள் உறவுக்காரர் ஒருவர் உட்கார்ந்தால் அந்த ஐம்பது பேரின் மேல் உட்காருகிறார். ஜித்ராவில் ஓர் ஏழைத் தாயின் மேல் உட்காருகிறார். இது உங்களுக்குச் சம்மதமா?"

நவமணி யோசித்துப் பார்த்தாள். ஜித்ராவில் அவளுக்கு ஒரு பெரியம்மா இருந்தாள். ஆனால் பெரியம்மா நேற்றே பேருந்து ஏறி, இப்போது ஒன்பதாங்கட்டையில் நின்றுகொண்டிருப்பாள் என்று நினைவு வந்தது. இல்லை, செய்தி போனதே இன்று காலைதான். இந்த அறையில் உட்கார்ந்ததில் தனக்கே கணக்குக் குழம்புகிறது என்று அவளுக்குப் பட்டது.

"நானே நேரில் வந்து அஞ்சலி செலுத்துகிறேன்" என்றார் டத்தோ பெருந்தன்மையாக. "முறையான அழைப்பு மட்டும் அனுப்பிவிடுங்கள்."

"கல்யாணத்துக்குத்தான் டத்தோ அழைப்பு. சாவுக்குச் சேதிதான். காதுல விழுந்தவங்க வருவாங்க."

"இப்படித் திட்டமிடாமல் வருவதால்தான் நம் சமுதாயம் கூட்டத்தை நிர்வகிக்கத் தெரியாமல் இருக்கிறது" என்று டத்தோ வருத்தப்பட்டார். சாவி கிடைக்கவில்லை. வெளியே வரும்போது சாந்தினி கை நிறைய மிட்டாய் கொடுத்தாள். வருகிற எல்லாருக்கும் கொடுக்க வேண்டும் என்று உத்தரவாம்.

நவமணி தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வாசல் முழுக்க ஆட்கள். நாகூர் மீரான் கடையிலிருந்த ஸ்டூல்களையெல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியிருந்தார், அவை முதல் இரண்டு வரிசைக்குக்கூடப் போதவில்லை. சிலர் மோட்டார் சைக்கிளில் சாய்ந்திருந்தார்கள். சிலர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தோட்டத்து வரிசை வீடுகளில், அந்த லயத்திலேயே மூத்தவள் செல்லாயி, முழங்கால் இரண்டும் வீங்கிய மனுஷி, வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே ஸ்டோரின் சன்னலுக்குப் பின்னால் சிவப்பு நாற்காலிகள் மாலை போட்டுக்கொண்டு அடுக்கடுக்காக இருந்தன.

"சாவி?" என்று கேட்டாள் தேவகி.

நவமணி இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"ஊருல யாரு செத்தாலும் இந்த மனுசன் ஓடிப் போயி நாற்காலி போட்டாரு. எங்கப்பாவுக்குப் போட்டாரு, செல்லாயி அக்கா புருசனுக்குப் போட்டாரு. அவரப் பாக்க வந்தவங்களுக்கு ஒரு நாற்காலி இல்லையா லா? அவமானமா இருக்கு நவமணி." தேவகி அழவில்லை. கோபத்தில் அவளுக்குக் குரல் தெளிவாக வந்தது.

மறுநாள் காலை, அழைப்பு இல்லாமலே, டத்தோ வந்துவிட்டார். இரண்டு கார், ஒரு வேன். வேனிலிருந்து முதலில் ஒலிபெருக்கி இறங்கியது. அடுத்து அவருடைய சிங்க முக நாற்காலி இறங்கியது. கழகத்தின் ஆதாரத்தில் அது சேராது என்பதால் அதில் உட்காரலாம். நாலு பேர் பிடித்துக் கொண்டுவந்து, உடலுக்கு நேர் எதிரே, கூட்டத்துக்கு முன்னால் போட்டார்கள். டத்தோ உட்கார்ந்தார். மற்ற எல்லாரும் நின்றார்கள். உறுமிமேளம் அடிக்க வந்தவர்கள் அடிக்கலாமா என்று தெரியாமல் குச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

ஒலிவாங்கி அவர் கைக்கு வந்தது.

"அன்பார்ந்த எழுச்சி உள்ளங்களே! இருளப்பன் மறைந்துவிட்டார் என்று சில எதிர்மறைச் சக்திகள் பரப்பி வருகின்றன" என்று டத்தோ ஆரம்பித்தார். உடல் அவருக்கு முன்னால் கிடந்தது. "அவருடைய கணக்கு இன்று காலையும் வளர்ந்திருக்கிறது. உயிரோடு இருந்தபோது அவர் நாற்காலிகளைச் சுமந்தார். இன்று நாற்காலிகள் அவரைச் சுமக்கின்றன! இந்தச் சோகமான வேளையிலும் இன்று சேருகிற ஒவ்வொருவருக்கும் இரட்டிப்புக் காசு வழங்க முடிவு செய்திருக்கிறேன். கைப்பேசிகளைத் தயவுசெய்து மேலே தூக்குங்கள்."

ஒரு கைப்பேசிகூட மேலே வரவில்லை. செல்லாயியின் கால் மடங்கியது. பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். பிடித்து எங்கே உட்கார வைப்பது என்று சுற்றும் முற்றும் பார்த்தார்கள்.

நவமணி அதைப் பார்த்தாள். அவளுக்கு ஜித்ராவும் புரியவில்லை, கொள்கையளவும் புரியவில்லை. அண்ணன் லாரியின் பக்கக் கதவைத் திறந்தாள். சக்கரம் மாற்றுகிற இரும்புக் கம்பி அவர் வைத்த இடத்திலேயே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஸ்டோரை நோக்கி நடந்தாள்.

"அம்மா, அது சமுதாயச் சொத்து!" என்று ஒலிபெருக்கி கத்தியது.

"ஆமா" என்றாள் நவமணி. "நாங்கதான் சமுதாயம்."

பூட்டு மூன்றாவது அடியில் தெறித்தது. அதற்குள் லயமே அவள் பின்னால் வந்துவிட்டது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. வாசலிலிருந்து சாவு வீடு வரை தானாக ஒரு வரிசை நின்றது, நாற்காலிகள் கைமாறிக் கைமாறிப் போயின. மாலைகளைக் கழற்றி இருளப்பனின் காலடியில் போட்டார்கள். முதல் நாற்காலியில் செல்லாயியை உட்கார வைத்தார்கள்.

டத்தோவோடு வந்து ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் நின்ற சாந்தினியின் கைப்பேசியில் அலுவலக மணி விடாமல் அடித்தது. "டத்தோ, ஆதாரம் இறங்குது டத்தோ… பாதி போச்சு டத்தோ… டத்தோ, கூடாரமும் போவுது!" அவள் குரல் ஒலிவாங்கியில் விழுந்து தோட்டம் முழுக்கக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவளே கைப்பேசியை அணைத்துவிட்டு, காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, வரிசையில் போய் நின்று ஒரு நாற்காலியை வாங்கி அடுத்தவருக்குக் கொடுத்தாள்.

எல்லாரும் உட்கார்ந்தார்கள். இருநூறு பேர் உட்கார்ந்தும் ஜித்ராவில் யாருக்கும் எதுவும் ஆனதாகத் தகவல் இல்லை. உறுமி முழங்கத் தொடங்கியது. தேவகி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். வாசல் நிறைந்து கிடந்ததைப் பார்த்துவிட்டு, நன்றாக, தாராளமாக அழுதாள்.

டத்தோவின் பேச்சு யாருக்கும் கேட்கவில்லை. எழுந்தார். எந்தக் கூட்டத்தையும் முறையாக முடித்துவிட்டுப் போகிற பழக்கம் அவருடையது. தேவகியின் முன்னால் வந்து இரண்டு கையையும் கூப்பி, நல்ல கணீர்க் குரலில், "அப்போ, நான் போயிட்டு வர்றேம்மா" என்றார்.

உறுமி நின்றுவிட்டது. சாவு வீட்டில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. வந்தது போலவே ஒன்றும் பேசாமல் எழுந்து போவார்கள். அந்த வீட்டுக்கு இன்னொரு தடவை இதே காரியத்துக்கு வருகிறேன் என்று எவன் சொல்வான்? மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்.

செல்லாயி தன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"வரவேணாம் சாமி" என்றாள்.

டத்தோ போன வேகத்தில் சிங்க முக நாற்காலியை மறந்துவிட்டார்.

காரியம் முடிந்த பிறகு நாற்காலிகளைக் கழுவிக் காய வைத்தார்கள். ஸ்டோருக்கு யாரும் கொண்டுபோகவில்லை. வீட்டுக்கு இரண்டு என்று எடுத்துக்கொண்டார்கள். கூடாரத்துணி ஒரு வீட்டில், கம்பிகள் ஒரு வீட்டில், அண்டா நாகூர் மீரான் கடையில். முதுகில் இருந்த வில்லைகளை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார்கள். கழகம் வழக்குப் போடுவதாக மிரட்டிச் செய்தி அனுப்பியது. நவமணி செயலியையே அழித்துவிட்டிருந்தாள், செய்தி அவளுக்கு வந்து சேரவில்லை. பிறகு கழகம் தன் ஆதாரம் வெற்றிகரமாக மக்கள் மத்தியில் பரவலாக்கப்பட்டுவிட்டது என்று அறிக்கை விட்டு, அதற்கும் ஒரு பாராட்டு விழா எடுத்தது. அந்த விழாவில் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள் என்று கேள்வி.

மழைக்காலம் தொடங்கியபோது கடைசி லயத்தில் ஒரு சாவு விழுந்தது. பூட்டு இல்லை, சாவி இல்லை, யாரும் யாருக்கும் விண்ணப்பம் போடவில்லை. காலை வெளுப்பதற்குள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் தலையில் இரண்டு நாற்காலியோடு வந்தார்கள். மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார்கள். நவமணியின் கார் பாக்கார் ஆராங்கிலிருந்து பின்கதவு மூடாமல், சிவப்புக் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வந்து நின்றது.

தேவகி வீட்டுப் பங்காக வந்தது சிங்க முக நாற்காலி. இரண்டு பேர் தூக்கி வந்து கூடாரத்து ஓரத்தில் வைத்தார்கள். அதில் யாரும் உட்காரவில்லை. தேவகி மெத்தையை உருவித் தூரப் போட்டுவிட்டு, மேலே ஒரு பலகையை வைத்து, தேத்தண்ணி கலந்த அண்டாவை ஏற்றச் சொன்னாள். கோப்பையை நீட்டி ஊற்றுவதற்கு அந்த உயரம் தோதாக இருந்தது.